கொசுறுக்காரரின் மஞ்சள் பை

எங்கள் வட்டாரத்தில் தேர்தலுக்காக அவரைப்போல் உழைத்தவர் வேறு எவரும் இல்லை. ஆனால் அவருக்கு ஓட்டு இல்லை. குறிப்பிட்ட அளவு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. சந்தைதோறும் பாயை விரித்துப் பாசிமணி, சீப்பு, ரசக்கண்ணாடி, ஊதல், ஊக்கு என்று விற்றுவந்த அந்த மனிதரிடம் சர்க்கார் வரி கேட்கவில்லை; ஆகவே அபிப்பிராயமும் கேட்கவில்லை. இந்த ஏற்பாட்டின் அநீதியை நான் ஒருமுறை அவருக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு தம்பி. ஓட்டு இருந்தா ஒரு பக்கமா ஒக்காந்து யோசிக்கணும். எனக்கு வேலை கெடக்கு" என்றார்.

இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் எங்கள் மணமேல்குடிப் பகுதி, முப்பதுகளில் தஞ்சை ஜில்லாவின் தென்கோடியாக இருந்தது. மேற்கே வண்டி கட்டிக்கொண்டு போனால் சமஸ்தான எல்லை, கிழக்கே கடல். ஜில்லா போர்டுக்குத் தேர்தல் வந்தபோது நான் திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு மிராசுதார். வாக்காளர்களில் பலருக்கு எழுத்து வாசிக்க வராது என்பதால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். பிடித்தவருடைய பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். வக்கீலுக்கு மஞ்சள் பெட்டி. மிராசுதாருக்குச் சிவப்பு. வக்கீலின் தேர்தல் கமிட்டியில் நான் ஒருவன். நான் துண்டுப் பிரசுரம் எழுதினேன். கொசுறுக்காரர் வாக்காளர் கையில் கொடுக்கச் சாமான் செய்தார்.

கொசுறுக்காரர் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். காலணாவுக்கு ஊக்கு வாங்கினாலும் மேலே இரண்டு பாசிமணியைக் கொசுறாகப் போடாமல் அவரால் வியாபாரத்தை முடிக்க இயலாது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். "வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஒரு புளிப்பு மிட்டாயைக் கையில் திணித்துவிடுவார். அவருடைய மனைவி கூர்மையான நாக்குடைய அம்மாள். "இவரு எங்கங்க வியாபாரம் பண்றாரு? சந்தைக்குச் சந்தை போயி வேண்டுதல நெறவேத்திட்டு வாராரு" என்பார்.

கொடுப்பதில் இருந்த இந்த வேகம், கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில் அவருக்கு அடியோடு இல்லை. ஒரு பெண் வாங்கிய மறுவாரமே பல் உடைந்த சீப்பைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் புதுச் சீப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழையதைத் தொடக்கூட இல்லை. "அதையும் நீயே வச்சுக்க ஆத்தா. மாட்டு வாலுக்கு ஆகும். ஒரு தடவ கையில கொடுத்ததை நான் எப்படித் திருப்பி வாங்குறது?" என்றார். வாங்குவது அவமானம் என்ற கொள்கை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சிலருக்கு இடது கையால் எழுத வராததுபோல் அவருக்கு அது வராது, அவ்வளவுதான்.

தேர்தலையும் அவர் ஒரு சந்தையாகவே கண்டார். என் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கீங்க பி.ஏ. தம்பி. மடிச்சு வச்சா சுண்டல் நல்லா நிக்கும்" என்று மனதாரப் பாராட்டினார். பேச்சு காற்றோடு போய்விடும், கையில் ஒரு பொருள் இருந்தால்தான் நினைவு நிற்கும் என்பது அவர் கட்சி. எனக்கு இதில் கவலை இருந்தது. வாக்காளருக்குப் பொருள் கொடுப்பது இன்று சிறியதாகத் தோன்றினாலும், நாளை அது வளர்ந்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவரிடம் கேட்டேன்.

"அது லஞ்சம் இல்லையா?" என்றேன்.

"கொசுறு எப்பத் தம்பி கொடுப்பாக? வாங்குனப்புறம். அதுக்கு மின்னாடியே கொடுத்தாத்தான் லஞ்சம்."

"நீங்கள் முன்னாடிதானே கொடுக்கிறீர்கள்?"

சற்று நேரம் காதைச் சொறிந்தார். "அதான் சின்னதாக் கொடுக்குறேன்" என்றார்.

சின்னதாகக் கொடுத்தவற்றுள் முதலாவது மஞ்சள் சாயம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் பூசுவது எல்லோருக்கும் வழக்கம். அந்த ஆண்டு கொசுறுக்காரர் வாளி வாளியாக மஞ்சள் வர்ணம் கரைத்துத் தெருத் தெருவாக எடுத்துச் சென்று இலவசமாகவே பூசிவிட்டார். ஓட்டுள்ளவன் மாடு, ஓட்டில்லாதவன் மாடு என்ற பேதம் பார்க்கவில்லை. இரண்டு நாள் எங்கள் ஊர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு கறம்பக்குடிப் பக்கத்துச் சந்தையில் யாரோ ஒரு ஜோடியை விற்றிருக்கிறார்கள். அதை மிராசுதாரின் கணக்கப்பிள்ளை வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் சிவப்புக் கொடி கட்டிய மிராசுதாரின் பெட்டி வண்டியை மஞ்சள் கொம்புக் காளைகள் இரண்டு கம்பீரமாக இழுத்துக்கொண்டு எங்கள் கமிட்டி வாசலைக் கடந்தன. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கொசுறுக்காரர் மட்டும் வாசலில் நின்று காளைகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாடு ரெண்டும் இன்னும் நம்ம கட்சிதான் தம்பி. வண்டியில இருக்குற ஆளத்தான் மாத்தணும்."

அடுத்தது விசிறி. பனையோலை விசிறியில் வக்கீலின் முகத்தை நாடகத் திரை எழுதுகிறவரைக் கொண்டு வரையவைத்து வீடுவீடாகக் கொடுத்தார். வக்கீலுக்குச் சற்று நீண்ட மூக்கு. திரை எழுதுகிறவர் அதை இராவண வேஷத்துக்குரிய தாராளத்துடன் எழுதிவிட்டார். ஒரு வீட்டுக்கு நாங்கள் வாக்குக் கேட்டுப் போனபோது, அந்த வீட்டு அம்மாள் அதே விசிறியால் அடுப்பை விசிறிக்கொண்டே வெளியே வந்தார். மூக்கு நுனி கருகியிருந்தது. "ஒங்க மொகத்தாலதாங்க இன்னிக்கு ஒலை கொதிக்குது" என்று அவர் மனப்பூர்வமாகவே சொன்னார். வக்கீல் தம் மூக்கைத் தடவிக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் கொசுறுக்காரர் என் காதருகே குனிந்து, "பாத்தீங்களா, உபயோகத்துல இருக்கு!" என்றார்.

இத்தனை உழைப்புக்கும் காரணம் வக்கீல்மேல் கொண்ட பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காரணம் ஒரு காட்டாறு.

எங்கள் ஊருக்கு வடக்கே ஓடிய அந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் மட்டும் ஒரே இரவில் கரை புரண்டு, கார்த்திகை முடியும்வரை மனிதரையும் மாட்டையும் கடக்கவிடாது. கொசுறுக்காரரின் ஒரே மகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பங்குனியில் கல்யாணம் பேசியவர்களுக்கு மணல்தான் தெரிந்தது, ஐப்பசி தெரியவில்லை. தலைத் தீபாவளிக்குப் புதுத் துணியும் பலகாரமும் தட்டில் வைத்து வரிசை கொண்டு போனவர் ஆற்றங்கரையில் நின்றுவிட்டார். வாழைமரத்தைக் கட்டி மிதக்கவிட்டு அதன்மேல் தட்டை வைத்து அனுப்பினார்கள். அதிரசம் மீனுக்குப் போயிற்று. சேலை எந்த ஊரில் கரை சேர்ந்ததோ தெரியாது. அக்கரையில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கப்பா வரிசையில கொசுறு போடுவாருன்னு பாத்தேன். வரிசையே ஆத்துக்குக் கொசுறாப் போயிருச்சே!" என்று சம்பந்தியம்மாள் மருமகளிடம் சொன்னதாக மழை விட்டபிறகு செய்தி வந்தது.

அடுத்த ஆண்டு அவர் எதையும் மிதக்கவிடவில்லை. இந்தக் கரையில் நின்று, வாங்கி வந்த சேலையை விரித்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "தெரியுதா ஆத்தா? கிளிப்பச்சை!" என்று கத்தினார். அக்கரையிலிருந்து மகள் கையை ஆட்டினாள். வெள்ளத்தின் இரைச்சலில் நிறம் அவள் காதில் விழுந்திருக்காது. சந்தையில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கையில் ஏதாவது கொடுத்து அனுப்பிய மனிதருக்குத் தீபாவளியன்று தம் பெண்ணின் கையில் ஒரு சேலையைக் கொடுக்க முடியவில்லை. அதைப் பற்றி அவர் பரிகாசமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பரிகாசம் பண்ணாத விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வக்கீல் தாம் ஜெயித்தால் முதல் வேலையாக அந்த ஆற்றுக்குப் பாலம் போடுவதாகச் சொல்லியிருந்தார். மிராசுதாரோ, "அங்கிட்டு இருக்கிறது நாலு குடிசை. அதுக்கு ஒரு பாலமா?" என்று கேட்டவர். கொசுறுக்காரருக்கு அரசியல் அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், பலருடைய அரசியலைவிட அது தெளிவாகவே இருந்தது.

கடைசிச் சாமானாக அவர் தயாரித்ததுதான் பை. வெற்றிலை பாக்குப் போட்டு மடியில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பை. வெற்றிலை போடாத குடித்தனக்காரர் எங்கள் பக்கத்தில் அரிது. ஓட்டுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் பை. வாக்குச் சாவடிக்குள் போனதும் நிறம் மறந்துவிட்டால் மடியைத் தொட்டுப் பார்த்து, பை எந்த நிறமோ அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட வேண்டியது. கமிட்டி இந்த யோசனையைக் கைதட்டி ஏற்றது. கடைச் சாயம் விலை கூடுதல் என்பதால், வெள்ளைத் துணியை வாங்கி விரலி மஞ்சள் அரைத்த நீரில் முக்கிக் காயவைப்பதென்று தீர்மானித்தோம். கமிட்டி அறையின் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. எதிர்க்கட்சிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று கொசுறுக்காரர் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. "எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா தண்டோராப் போட்ட மாதிரி" என்றார்.

வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெண்களுக்கும் சமமான வாக்குரிமை வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் அச்சிட்ட எங்கள் கமிட்டியில் பெண் ஒருவர்கூட இல்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

பைகள் விநியோகமாயின. ஊரெங்கும் மஞ்சள் மடிகள். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலை, பக்கத்துக் கிராமத்துக் குடித்தனக்காரர் ஒருவர் கமிட்டி அறைக்கு வந்தார். பெரியவர், எங்களிடம் உண்மையான அன்புடையவர்.

"நாளைக்குக் காலங்காத்தால வந்துருவேன் தம்பி. செவப்புப் பொட்டிதானே? நல்லா மனசுல வச்சிருக்கேன்."

"மஞ்சள் பெட்டி ஐயா!" என்றேன்.

"என்ன தம்பி கொழப்புறீங்க? பையப் பாத்துப் போடச் சொன்னீக. நான் பாத்துட்டுத்தானே வாரேன்!"

மடியிலிருந்து பையை எடுத்துக் காட்டினார். பளிச்சென்று சிவப்பாக இருந்தது.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபின் விரலில் மிஞ்சுவதைத் துடைக்கக் கைக்கு அருகே இருப்பது பைதான். போதாக்குறைக்குச் சிலர் வீட்டில் பையை உவர்மண் போட்டு வெளுத்திருந்தார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆரத்தி அப்படித்தானே கரைக்கிறார்கள்? எங்கள் கமிட்டியில் ஆரத்தி எடுக்கப்பட்டவர்கள் பலர் இருந்தோம். கரைத்தவர் ஒருவரும் இல்லை.

சேதி கேட்டு வந்த கொசுறுக்காரரின் மனைவி பையைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் கேட்டார்:

"ஏங்க, நம்ம கல்யாணத்துல ஆரத்தி சுத்தையில கண்ண மூடிக்கிட்டா நின்னீங்க?"

"மாப்புளையா நின்னேன்டி! தட்டுல என்ன கரைச்சிருக்கீகன்னு ருசி பாக்கவா சொன்னீக?"

கமிட்டி அவசரமாகக் கூடியது. எல்லாப் பைகளையும் அன்று மாலைக்குள் திருப்பி வாங்கிவிடுவதென்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு கிராமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் பைகளில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் கொசுறுக்காரர். எந்த வீட்டில் யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் சுவரோரமாக உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

"ஆகாதுங்க. கையில கொடுத்தத எப்படித் திருப்பிக் கேக்குறது? எனக்கு வாய் வராதுங்க."

"பாலம் போய்விடும்" என்றேன். அதைவிடக் கடுமையான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அவர் முகம் சுருங்கியது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். முதல் வீட்டு வாசல்வரை போய் நின்றாராம். வீட்டுக்காரர், "வாங்க வாங்க, ஒங்க பையிலதான் வெத்தலை எடுத்துப் போட்டேன்" என்று சிரித்திருக்கிறார். கொசுறுக்காரரும் சிரித்துவிட்டு, ஒரு வாய் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். மாலையில் எங்கோ போய் ஒரு கோணிச் சாக்கு நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"திருப்பித்தானே வாங்க முடியாது? இன்னொன்னக் கொடுத்துரலாமுல்ல!" என்றார்.

மறுநாள் வாக்குச் சாவடிக்கு வெளியே, எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஒரு பூவரச மரத்தடியில் நின்றுகொண்டு, வருகிறவர் கையில் எல்லாம் நன்கு பழுத்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்தார். மரியாதைக்குரியவர் கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனவே யாரும் மறுக்கவில்லை. "மடியப் பாக்காதீக. கையப் பாருங்க. இந்த நெறம்!" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார். யோசனை மோசமில்லை என்றே எனக்குத் தோன்றியது.

சற்று நேரத்தில் சிவப்புப் பெட்டியின் ஏஜெண்டு உள்ளே ஓடினார். "மந்திரிச்ச பழம் கொடுக்குறாங்க சார்! எங்காளுக தொடவே பயப்படுறாக!" என்று அதிகாரியிடம் புகார் செய்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி வியர்வையைத் துடைத்தபடி மரத்தடிக்கு வந்தார். கொசுறுக்காரர் அவர் கையிலும் ஒரு பழத்தைக் கொடுத்து, "வெயில்ல வந்திருக்கீக" என்றார். அதிகாரி பழத்தை முகர்ந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார். நியாயமான மனிதர். மந்திரம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. இல்லையென்று எழுதிக்கொடுக்கவும் அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே இரு தரப்புக்கும் பொதுவாக ஓர் உத்தரவு போட்டார்: எவரும் கையில் எதையும் வைத்துக்கொண்டு சாவடிக்குள் வரக்கூடாது.

அதன்பின் நடந்ததை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்காளர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பழத்தை வாசற்படியில் பணிவோடு வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனார்கள். உள்ளே இரண்டு பெட்டிகள். கையில் ஒன்றுமில்லை. மடியில் பை இருந்தது.

மாலையில் வாசற்படியில் குவிந்திருந்த பழங்களை ஓர் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போயிற்று. கடைசியாக வெளியே வந்த பெரியவர் ஒருவர் பழத்தை வாசலில் வைக்க மனமின்றி மடியில் பையோடு சேர்த்துச் செருகியிருந்தார். நெரிசலில் பழம் நசுங்கிச் சாறு பையெல்லாம் ஊறியிருந்தது. கொசுறுக்காரர் அந்தப் பையைக் குனிந்து பார்த்தார். புளிப்புப் பட்ட இடமெல்லாம் சிவப்பு மாறி மறுபடியும் மஞ்சளாகியிருந்தது. "அடப்பாவி!" என்றார். பழத்தைத் திட்டினாரா, தம்மையே திட்டிக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் தோற்றார். தோல்வியை அவர் கண்ணியமாகவே ஏற்றுக்கொண்டார். ஆனால் கமிட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். பை சிவப்பானது தற்செயலா? திருப்பி வாங்கச் சொன்னபோது மறுத்தது ஏன்? மிராசுதார் எவ்வளவு கொடுத்தார்? தோற்றவர்களுக்குத் தங்கள் மடமையைவிடப் பிறருடைய துரோகம் ஆறுதலானது. முணுமுணுப்பு சந்தைக்கும் போயிற்று. ஒருவர் கண்ணாடி ஒன்றை வாங்கிவிட்டு, கொசுறாகக் கொடுத்த பாசிமணியைப் பாயிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார். நான் அருகில் இருந்தேன். கொசுறுக்காரர் அந்த மணியைத் தொடவில்லை. சந்தை கலைந்து பாயைச் சுருட்டும்வரை அது அங்கேயே கிடந்தது.

அந்த வாரத்தில்தான் மிராசுதார் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்களும் வாங்க பி.ஏ. தம்பி. நான் என்ன பேசுறேன்னு நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் கேட்டுக்கிறணும்" என்றார் கொசுறுக்காரர். போனேன்.

மிராசுதார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சிவப்புச் சுருக்குப்பை. கொசுறுக்காரர் முறைப்படி ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"மந்திரிச்சதா?" என்றார் மிராசுதார்.

"கடையில வாங்குனதுங்க."

மிராசுதார் வாய்விட்டுச் சிரித்தார். "இப்படி ஒரு மூளையை நான் பாத்ததில்ல. மேலுக்கு மஞ்சள் பை. வக்கீலு காசுலயே தச்சு, வக்கீலு ஆளை வச்சே கொடுத்து, ஓட்டுக்கு மொத நாளு செவப்பாயிருச்சு பாரு! எனக்கே சொல்லாம எனக்கு வேலை செஞ்சிருக்கியேப்பா. என்ன வேணும்? கேளு."

நான் கொசுறுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். பாலம் என்ற ஒரு சொல் போதும். பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாலும் போதும். அந்த ஒரு பொய்யால் யாருக்கு என்ன கேடு, அக்கரையில் எத்தனை குடும்பத்துக்கு என்ன நன்மை என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. நன்மையின் பக்கம் கனமாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொசுறுக்காரரின் முகம் சிவந்துவிட்டது. அதை நான் கோபம் என்று நினைத்தேன். இன்று யோசிக்கையில் அது வேறு என்று படுகிறது. தம் சாமானைக் குறைத்துப் பேசிவிட்டார்களே என்ற தொழிலாளியின் ரோஷம் அது.

"ஐயா, அது மஞ்சளுக்குன்னு செஞ்ச பைங்க. எங்க புத்திகெட்டதனத்தால கெட்டுப்போச்சு. ஒங்களுக்குன்னு நான் செஞ்சிருந்தா, இவ்வளவு மட்டமாவா செய்வேன்? சாயம் போகாத செவப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீ எனக்கு எதிராத்தான் வேலை செஞ்சியா?" என்றார் மிராசுதார்.

"ஆமாங்க. ராப்பகலா."

"எதுக்குய்யா இதச் சொல்றே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டது கெடைச்சிருக்குமே!"

"கேக்குறதுக்கு என்னங்க, இப்பவும் கேக்குறேன். ஆத்துக்குப் பாலம் வேணும்." மடியில் எதையோ தேடுவதுபோல் கையை வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார்: "நான் சந்தையில கடை போடுறவன். எனக்குத் தெரிஞ்ச ஞாயம் ஒன்னுதான். ஜனங்க ஓட்டக் கொடுத்திருச்சு. சரியாப் பாத்துக் கொடுத்துச்சோ, தப்பாப் பாத்துக் கொடுத்துச்சோ, ஒங்க கைக்கு வந்து சேந்திருச்சு. வாங்குனப்புறம் கொடுக்குறதுதானுங்களே கொசுறு. அது இன்னும் வரலைங்க."

மிராசுதார் பையை ஒரு கையிலும் பழத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பாலம் தருவதாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையைத் தாமே ஊரெல்லாம் சொன்னார். சிரித்துச் சிரித்துச் சொன்னார். வென்றவர் வாயாலேயே உண்மை வந்துவிட்டதால் எங்கள் கமிட்டியின் முணுமுணுப்பு அடங்கியது. சந்தையில் பாசிமணியை வைத்துவிட்டுப் போனவர் மறுவாரம் வந்து, ஒன்றும் வாங்காமலேயே கொசுறு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பாலம் உடனே வரவில்லை. அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்சு லேசாக அடிபடத் தொடங்கிய ஆண்டில், ஆற்றங்கரையில் கருங்கல் வந்து இறங்கியது. மிராசுதார் எதை நினைத்து அதைக் கட்டினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உள்நோக்கம் எதுவானாலும், மூன்று கண் வைத்து எழுந்த அந்தப் பாலத்தின் மேல் நடந்தவர்கள் அதை விசாரிக்கவில்லை. நானும் நாளடைவில் விசாரிப்பதை விட்டேன்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பாலத்தின் மூன்று கண்களிலும் செந்நீர் இரைந்துகொண்டிருக்க, கொசுறுக்காரரும் மனைவியும் வரிசைத் தட்டுகளோடு மேலே நடந்தார்கள். பார்ப்பதற்காகப் போன பாதி ஊரில் நானும் ஒருவன். அக்கரையில் மகள் நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. முதல்முறையாக ஐப்பசியில் வரிசை வருகிறதென்று சம்பந்தியம்மாள் தாமே ஆரத்தி கரைத்து எடுத்து வந்திருந்தார். சுற்றி முடித்துக் கீழே ஊற்றப்போனவரை, "கொஞ்சம் இருங்க" என்று கொசுறுக்காரர் நிறுத்தினார்.

தட்டை எட்டிப் பார்த்தார். சிவப்பு நீர் தளும்பிக்கொண்டிருந்தது. மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறித் தட்டுக்குள் பிழிந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டின் நீர் வெளிறி, பளீரென்று மஞ்சளாயிற்று.

"என்ன சம்பந்தி இது, நல்ல நாளும் அதுவுமா!" என்று அந்த அம்மாள் பதறினார்.

"ஒன்னுமில்லைங்க. இப்பத்தான் எங்க பொட்டிக்கு ஓட்டு விழுந்துச்சு" என்றார் கொசுறுக்காரர்.

அதற்குள் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார், ஊர் சிரித்தது. கொசுறுக்காரர் கிளிப்பச்சைச் சேலையைத் தட்டிலிருந்து எடுத்து மகளின் கையில் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுத்துவிடவில்லை. பிறகு, பிழிந்தது போக மிஞ்சியிருந்த எலுமிச்சம்பழ மூடியைப் பார்த்துச் சற்று யோசித்து, அதைப் பேரப்பிள்ளையின் கையில் வைத்தார்.